சாயம் காட்டிய வழி

நுழையும்முன்

உயிருள்ள செல் பெரும்பாலும் நிறமற்றது. ஒளி அதனை ஊடுருவிச் சென்றுவிடுவதால், எத்துணை ஆற்றல் வாய்ந்த நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலும் அதன் உள்ளமைப்பு தெளிவாகப் புலப்படுவதில்லை. துணிகளுக்கு நிறமூட்டக் கண்டறியப்பட்ட சாயங்களைக் கொண்டு அந்த மறைவை விலக்கியவர் ஒருவர். உயிரைக் காட்டிய சாயமே உயிரைக் காக்கும் மருந்தாகவும் ஆகக்கூடும் என எண்ணித் தம் வாழ்நாளை அதற்கே ஈந்தவர். அவர் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக். ஒரு மாணவரின் மனத்தில் எழுந்த எளிய வினா எவ்வாறு மருத்துவத்தின் திசையையே மாற்றியது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாயங்களின் காலம்

1856ஆம் ஆண்டு இலண்டனில், பதினெட்டு வயது மாணவரான வில்லியம் பெர்க்கின் என்பவர் மலேரியாவுக்குரிய குவினைன் மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு அவர் செய்த ஆய்வில் மருந்து கிடைக்கவில்லை. கருமையான ஒரு கசடே எஞ்சியது. அதனைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் வெளிப்பட்டது. உலகின் முதல் செயற்கை அனிலீன் சாயம் இவ்வாறு தோன்றியது. அடுத்த இருபதாண்டுகளில் சிவப்பு, பச்சை, நீலம் என நூற்றுக்கணக்கான சாயங்கள் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. இத்தொழிலில் ஜெர்மனி முதலிடம் பெற்றது.

அந்தச் சாயங்களோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் எர்லிக். அன்றைய பிரஷ்ய நாட்டின் சிலேசியா மாநிலத்தில், ஸ்ட்ரேலென் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மர் எர்லிக் விடுதி நடத்தியவர்; தாய் ரோசா. தாயின் உடன்பிறந்தார் மகனான கார்ல் வைகெர்ட் எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர். நோயியல் துறையில் ஈடுபட்டவர். திசுக்களில் பதுங்கியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அனிலீன் சாயங்களால் நிறமூட்டிக் காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இளைஞர் எர்லிக்கின் கையில் நுண்ணோக்கியையும் சாயக்குப்பிகளையும் சேர்த்தது இந்த உறவே ஆகும்.

கறை படிந்த மேசை

எர்லிக் பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூறியல் பேராசிரியராக விளங்கிய வால்டெயர், தம் மாணவர்களுள் ஒருவரின் மேசை மட்டும் எப்போதும் பல வண்ணக் கறைகளால் நிறைந்திருப்பதைக் கண்டார். ஏனையோர் வகுத்த பாடத்தைச் செய்துகொண்டிருக்க, எர்லிக் ஒவ்வொரு திசுவிலும் ஒவ்வொரு சாயத்தையும் இட்டு என்ன நிகழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வால்டெயர் அவரைக் கண்டிக்கவில்லை; அவர் போக்கிலேயே விட்டுவிட்டார். ஓர் ஆசிரியர் காட்டிய அந்தப் பொறுமை பின்னாளில் பெரும்பயன் அளித்தது.

எர்லிக்கை ஆட்கொண்ட வினா எளிமையானது. ஒரு சாயத்தை ஒரு திசுவின்மீது இட்டால் அது எல்லாப் பகுதிகளிலும் ஒரே சீராகப் படிவதில்லை. ஒரு சாயம் செல்லின் உட்கருவைப் பற்றுகிறது. மற்றொன்று சைட்டோபிளாசத்தைப் பற்றுகிறது. வேறொன்று சில நுண்மணிகளை மட்டும் பற்றி ஏனையவற்றை விட்டுவிடுகிறது. சாயம் ஏன் இவ்வாறு தேர்ந்தெடுக்கிறது? ஈயம் உடலில் புகுந்தால் அது எல்லா உறுப்புகளிலும் சமமாகப் பரவாமல் சிலவற்றில் மிகுந்து தங்குகிறது என்று ஒரு நூலில் படித்ததும் அவர் சிந்தனையைத் தூண்டிற்று. நஞ்சாயினும் சாயமாயினும் ஒரு பொருள் உடலில் வினைபுரிய வேண்டுமெனில், முதலில் அது ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்பற்றுதல் வேதியியல் தன்மையது என்றும் கருதினார். அவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணிகள் அனைத்தும் இவ்வொரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

1878ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் திசுக்களுக்கு நிறமூட்டும் கலையைப் பற்றியதாகவே அமைந்தது. இணைப்புத் திசுவில், சாய மணிகள் நிறைந்து காணப்பட்ட ஒருவகைச் செல்களை அவர் அதில் விவரித்தார். நன்கு உண்டு கொழுத்தவை போல் தோன்றியமையால் அவற்றுக்கு மாஸ்ட் செல்கள் என்று பெயரிட்டார். ஒவ்வாமையின்போது உடலில் முனைப்புடன் செயற்படுவன இச்செல்களே எனப் பிற்காலத்தார் கண்டறிந்தனர்.

குருதியில் கண்ட பிரிவுகள்

பட்டம் பெற்ற எர்லிக், பெர்லின் நகரிலுள்ள புகழ்பெற்ற சாரிடே மருத்துவமனையில் பணியேற்றார். அங்குத் தலைமை மருத்துவராக இருந்த பிரெரிக்ஸ், எர்லிக்கின் ஆய்வு ஆர்வத்துக்கு முழு உரிமை வழங்கினார். அதுவரை வெள்ளையணுக்கள் என்று பொதுப்பெயரால் சுட்டப்பட்டவற்றை எர்லிக் ஆராய்ந்தார். குருதித்துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, வெப்பமூட்டி, அமிலத்தன்மையுடைய சாயங்களையும் காரத்தன்மையுடைய சாயங்களையும் அதன்மேல் செலுத்தினார். சில செல்களின் மணிகள் இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்றன. சில, காரச் சாயங்களை ஏற்றன. இன்னும் சில, இரண்டும் கலந்த நடுநிலைச் சாயங்களை ஏற்றன. இயோசினோஃபில், பேசோஃபில், நியூட்ரோஃபில் என்று நாம் இன்று உயிரியல் பாடத்தில் கற்கும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. இன்று எந்த மருத்துவமனையில் குருதிப் பரிசோதனை செய்தாலும், அந்த அறிக்கையில் இப்பிரிவுகள் இடம்பெறுகின்றன.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் இராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்த அவையில் எர்லிக்கும் இருந்தார். கோக்கின் முறையில் அக்கிருமிக்கு நிறமூட்ட ஒரு நாள் தேவைப்பட்டது. எர்லிக் உடனே தம் ஆய்வகத்துக்குச் சென்று புதிய முறை ஒன்றை வகுத்தார். அனிலீன் கலந்த சாயத்தை ஏற்றிய பின்னர் அமிலத்தால் கழுவினால் ஏனைய பாக்டீரியாக்கள் நிறமிழந்தன. காசநோய்க் கிருமி மட்டும் தன் நிறத்தை விடவில்லை. இதனால் நோயாளியின் சளியில் கிருமி உள்ளதா என்பதை ஒரு மணி நேரத்துக்குள் அறிய வழி பிறந்தது. பின்னர் சீல், நீல்சன் ஆகியோர் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். காசநோயைக் கண்டறிய இன்றும் பயன்படும் சளிப் பரிசோதனையின் அடிப்படை இதுவே.

உயிரோடு நிறமூட்டல்

இதுவரை கூறிய நிறமூட்டல்கள் யாவும் இறந்த செல்களில் செய்யப்பட்டவை. திசுவை வெட்டியும் உலர்த்தியும் வேதிப்பொருளில் ஊறவைத்தும் நிலைநிறுத்திய பின்னரே சாயம் ஏற்றப்பட்டது. கண்ணுக்குப் புலப்படுவது உயிரின் உண்மையான இயல்பா, உயிர் நீங்கியபின் ஏற்பட்ட மாற்றமா என்ற ஐயம் அதில் எப்போதும் உண்டு. ஆகவே, உயிர் பிரியாமலேயே செல்லுக்கு நிறமூட்ட வேண்டும் என்று எர்லிக் விரும்பினார்.

அதற்கு உதவிய சாயம் மெத்திலீன் நீலம். 1876ஆம் ஆண்டு ஹைன்ரிச் காரோ என்னும் வேதியியலார் பருத்தித் துணிக்காக இதனை உருவாக்கியிருந்தார். எர்லிக் இச்சாயத்தை உயிருள்ள விலங்கின் குருதியோட்டத்தில் செலுத்தினார். பின்னர், மெல்லிய திசுவொன்றை எடுத்துக் காற்றுப்படும்படி வைத்து நுண்ணோக்கியில் நோக்கினார். சுற்றியிருந்த பகுதிகள் பெரிதும் நிறமற்றிருக்க, நரம்பிழைகளும் அவற்றின் நுண்ணிய முனைகளும் நீல நிறத்தில் கிளைகிளையாகத் தோன்றின. 1886ஆம் ஆண்டு அவர் இதனை வெளியிட்டார். நரம்பணுக்களின் அமைப்பை உலகுக்கு விளக்கிய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால், இந்த மெத்திலீன் நீல முறையையும் தம் ஆய்வுகளில் பயன்படுத்தினார்.

திசுவைக் காற்றுப்படும்படி ஏன் வைக்க வேண்டும்? மெத்திலீன் நீலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது நிறமற்ற பொருளாக மாறிவிடுகிறது. மீண்டும் ஆக்சிஜன் கிடைத்தால் நீல நிறத்தைப் பெறுகிறது. இவ்வாறு நிறம் மாறும் வேறு சில சாயங்களைக் கொண்டு, உடலின் எந்த உறுப்பு எவ்வளவு ஆக்சிஜனை நாடுகிறது என்பதை அளக்க 1885ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலையே எழுதினார். சாயம் அவருக்கு வெறும் நிறமாக இருந்த நிலை மாறி, செல்லுக்குள் நிகழும் வேதிவினையைத் தெரிவிக்கும் தூதாகவும் ஆயிற்று.

அந்த ஆய்வுகளில் மற்றொரு புதிரையும் எர்லிக் கண்டார். குருதியில் செலுத்திய சில சாயங்கள் உடலின் ஏனைய உறுப்புகளில் எல்லாம் படிந்தன. மூளையை மட்டும் நிறமூட்டாமல் விட்டன. மூளைக்கு அச்சாயங்களின்மேல் ஈர்ப்பு இல்லை என்று அவர் விளக்கம் கூறினார். ஆனால், அவ்விளக்கம் பிழையானது என்பதை 1913ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் காட்டினார். சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீர்மத்தில் நேரே செலுத்தியபோது மூளை நன்றாகவே நிறம் ஏற்றது. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடை உண்டு என்ற உண்மை இவ்விரண்டு சோதனைகளும் சேர்ந்து புலப்படுத்தியதாகும்.

தம் உடலில் கண்ட கிருமி

எர்லிக் 1883ஆம் ஆண்டு ஹெட்விக் பிங்குஸ் என்பாரை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் இருவர். 1885இல் பிரெரிக்ஸ் மறைந்தபின் மருத்துவமனையில் எர்லிக்கின் நிலை மாறியது. ஆய்வுக்குக் கிடைத்த உரிமை சுருங்கியது. இதற்கிடையில் அவர் உடல்நலமும் குன்றியது. இருமல் ஓயவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் தாமே வகுத்த முறையில் தம் சளிக்கு நிறமூட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். காசநோய்க் கிருமிகள் அதில் தெரிந்தன. பிறர் நோயைக் காட்டுவதற்காக அவர் உருவாக்கிய முறை அவர் நோயையும் மறைக்காமல் காட்டிற்று.

1888ஆம் ஆண்டு அவர் பணியைத் துறந்து, மனைவியுடன் வறண்ட தட்பவெப்பம் உடைய எகிப்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டு நலம்பெற்றுத் திரும்பியபோது அவருக்குப் பதவி ஏதும் காத்திருக்கவில்லை. பெர்லினில் சிறிய ஆய்வகம் ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு உழைத்தார். 1891இல் இராபர்ட் கோக் தம் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். அங்கு எமில் வான் பெரிங் கண்டறிந்த தொண்டை அடைப்பான் நச்சுமுறியின் ஆற்றலைத் துல்லியமாக அளக்கும் முறையை எர்லிக் உருவாக்கினார். அந்த அளவீடு இல்லாதிருந்தால், குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து தருவது என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயன்றிராது.

நச்சுப் பொருள் ஒன்று செல்லின் மேலுள்ள பக்கச் சங்கிலிகளுள் தனக்குப் பொருந்துவதைப் பற்றுகிறது. உடல் அவற்றை மிகுதியாக உண்டாக்கிக் குருதியில் விடுகிறது. அவையே நோயை எதிர்க்கின்றன என்று அவர் 1897இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். சாயமும் திசுவும் பற்றிக்கொள்ளும் காட்சியே இக்கோட்பாட்டிலும் பின்னணியாக நின்றது. தடுப்பாற்றல் குறித்த பணிகளுக்காக 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் இல்யா மெச்னிகோவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

சாயம் மருந்தாதல்

மலேரியாவுக்குக் காரணமான ஒட்டுண்ணி மெத்திலீன் நீலத்தை எளிதில் ஏற்பதை நுண்ணோக்கியில் காண முடிந்தது. கண்ணாடித் தகட்டில் அதனைப் பற்றும் சாயம், நோயாளியின் குருதியிலும் அதனைப் பற்றி அழிக்கலாகாதா? 1891ஆம் ஆண்டு எர்லிக்கும் பால் குட்மன் என்னும் மருத்துவரும் மலேரியா நோயாளிகள் இருவருக்கு மெத்திலீன் நீலத்தை மருந்தாகக் கொடுத்தனர். இருவருக்கும் காய்ச்சல் தணிந்தது. குவினைன் அளவுக்கு அது வலிமை பெறவில்லை எனினும், முழுதும் செயற்கையான ஒரு பொருள் தொற்றுநோய்க்கு மருந்தானது அதுவே முதன்முறை. மலேரியா மருந்தைத் தேடிய பெர்க்கின் சாயத்தைக் கண்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சாயத்தைக் கையாண்ட எர்லிக் மலேரியா மருந்தைக் கண்டார்.

நோய்க் கிருமியை மட்டும் நாடிச் சென்று தாக்கி, நோயாளியின் உடலைத் தீண்டாமல் விடும் மருந்தே எர்லிக்கின் கனவு. அதனை அவர் மாயத் தோட்டாவுக்கு ஒப்பிட்டார். நம் வழக்கில் அதனை இராமபாணம் என்று கூறலாம். 1899இல் பிராங்க்பர்ட் நகருக்கு மாறிய அவர் நிறுவனத்துக்கு அருகில், பிரான்சிஸ்கா ஸ்பையர் என்னும் பெருமாட்டி தம் கணவர் நினைவாக வழங்கிய பெரும்பொருளைக் கொண்டு 1906ஆம் ஆண்டு கியார்க் ஸ்பையர் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகாவும் எர்லிக்கும் நூற்றுக்கணக்கான சாயங்களை ஆராய்ந்து டிரிப்பன் சிவப்பு என்னும் சாயத்தால் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி தாக்கிய சுண்டெலிகளைக் குணப்படுத்தியிருந்தனர். ஆனால், பிற விலங்குகளில் அவ்வெற்றி கிட்டவில்லை.

எனவே, எர்லிக் ஆர்சனிக் சேர்மங்களின்பால் திரும்பினார். அடாக்சில் என்னும் ஆர்சனிக் மருந்து ஒட்டுண்ணியை அழித்தது. கூடவே பார்வை நரம்பையும் அழித்துச் சிலரைக் குருடாக்கியது. எர்லிக்கும் வேதியியலார் ஆல்பிரட் பெர்த்தைமும் அதன் உண்மையான அமைப்பைக் கண்டறிந்தனர். அவ்வமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றினால், நஞ்சைக் குறைத்துப் பயனைப் பெருக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் எண் இடப்பட்டது. 1907இல் உருவான 606 என்னும் எண்ணுடைய சேர்மம் பயனற்றது என ஒதுக்கிவைக்கப்பட்டது.

1909ஆம் ஆண்டு சகாசிரோ ஹாதா என்னும் ஜப்பானிய அறிஞர் பிராங்க்பர்ட் வந்தார். மேகநோயை முயல்களில் உண்டாக்கி ஆராயும் திறம் பெற்றவர் அவர். அந்நாளில் மேகநோய்க்குப் பாதரசமே மருந்து. அதன் துன்பம் நோயின் துன்பத்துக்குக் குறைந்ததன்று. ஒதுக்கப்பட்ட சேர்மங்களையும் விடாமல் மீண்டும் சோதிக்குமாறு எர்லிக் ஹாதாவிடம் கூறினார். 606ஐச் செலுத்தியதும் முயல்களின் புண்களிலிருந்து கிருமிகள் மறைந்தன. 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வீஸ்பாடன் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வருமுன்பே ஏறத்தாழ 65,000 அளவு மருந்து மருத்துவர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. சால்வர்சான் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது.

புகழும் பழியும்

புகழோடு பழியும் வந்தது. சால்வர்சான் காற்றுப்பட்டால் கெடும் இயல்பினது; ஊசியிடுமுன் மிகக் கவனமாகக் கரைக்க வேண்டும். அதில் பிழை நேர்ந்த இடங்களில் நோயாளிகள் துன்புற்றனர், சிலர் இறந்தும்போயினர். ஒரே ஊசியில் நோய் முற்றும் நீங்கும் என்ற எர்லிக்கின் நம்பிக்கையும் மனிதரிடம் நிறைவேறவில்லை. பல முறை செலுத்த வேண்டியிருந்தது. ஒழுக்கத்தின் பெயரால் இம்மருந்தை எதிர்த்தவர்களும், யூதர் என்பதால் எர்லிக்கை இகழ்ந்தவர்களும் இருந்தனர். அவர் ஒவ்வொரு மருத்துவர் அனுப்பிய குறிப்பையும் படித்தார். தீங்கு நேர்ந்த காரணத்தைத் தேடினார். 1912இல் எளிதில் கரையும் நியோசால்வர்சானை வெளியிட்டார்.

நூல்களும் தாள்களும் குவிந்த அறையில், ஓயாது சுருட்டுப் புகைத்தபடி, வண்ண அட்டைகளில் உடன்பணியாளர்களுக்கு அன்றாடப் பணியை எழுதி அனுப்புவது அவர் வழக்கம். அளவிறந்த புகைப்பழக்கமும் ஓய்வில்லா உழைப்பும் உடலை நலிவித்தன. 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், தமது 61ஆம் வயதில், பாட் ஹோம்பர்க்கில் அவர் காலமானார்.

நாஜிகளின் ஆட்சியில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயர் நீக்கப்பட்டது. மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும், போருக்குப் பின் அவர் நிறுவனம் பால் எர்லிக் நிறுவனம் என்று பெயர் பெற்று, தடுப்பூசிகளின் தரத்தை ஆராய்ந்துவருகிறது. 1930களில் புரோன்டோசில் என்னும் சிவப்புச் சாயத்திலிருந்து சல்பா மருந்துகள் தோன்றியது அவர் காட்டிய வழியின் நீட்சியே. மார்பகப் புற்றுநோய் அறுவையில் நிணநீர்க் கணுக்களை அடையாளம் காண மருத்துவர்கள் இன்றும் நீலச் சாயத்தைச் செலுத்துகின்றனர்.

செல்லைக் கொல்லாமல் காண விரும்பியவரே, நோயாளிக்குத் தீங்கின்றி நோயை நீக்கவும் விரும்பினார். முதல் விருப்பம் அவர் கையிலேயே நிறைவேறியது. இரண்டாவதில் அவர் பாதித் தொலைவு சென்றார். எஞ்சிய பாதியில் இன்றைய மருந்தியல் நடந்துகொண்டிருக்கிறது.

தெரியுமா?

உயிருள்ள ஈஸ்ட் செல்கள் மெத்திலீன் நீலத்தை நிறமற்றதாக்கிவிடுகின்றன. இறந்த செல்கள் நீலமாகவே தோன்றுகின்றன. டிரிப்பன் நீலம் என்னும் சாயமோ உயிருள்ள செல்லின் சவ்வைக் கடப்பதில்லை. இறந்த செல்லுக்குள் மட்டும் நுழைகிறது. ஆய்வகங்களில் உயிருள்ள செல்களையும் இறந்த செல்களையும் பிரித்து எண்ண இவ்விரு முறைகளும் பயன்படுகின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையுடன் ஈஸ்ட் செல்களுக்கு மெத்திலீன் நீலமிட்டு நுண்ணோக்கியில் நோக்குக. கண்டவற்றைப் படம் வரைந்து விளக்குக.

2. எர்லிக்கின் வாழ்வில் ஒதுக்கப்பட்ட ஒன்று மீண்டும் ஆராயப்பட்டதால் விளைந்த பயனை உங்கள் சொற்களில் எழுதுக.

3. மருந்தால் நன்மையும் தீங்கும் ஒருங்கே நேரும்போது ஆய்வாளரின் பொறுப்பு யாது என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.